படத்தின் ஓரத்தில் ஒரு தோள்

நானுஓயா
12.11.2005

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பொன்னையா எழுதுகிறேன். தோட்டம் தோட்டமாகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த பொன்னையா. "இனி எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம்" என்று நீங்கள் 1994இல் எழுதினீர்கள். பதினொரு வருடம் அதன்படி நடந்தேன். இன்றைக்கு மீறுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டதாகச் சொல்லி, கோண்டாவில் விலாசத்தை நம் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர்தான் தந்தார். அவரைக் கோபிக்க வேண்டாம்.

டார்க்ரூமை மூடி ஐந்து வருடமாகிறது. மருந்தும் கிடைப்பதில்லை, தாளும் கிடைப்பதில்லை. ஆனால் பிலிம் எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இந்த ஈரத்தில் அதில் பூசணம் ஏறிக்கொண்டே வருகிறது. தோட்டத்து லய வீடுகளில் யாராவது இறந்துபோனால் பிள்ளைகள் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் நான் எடுத்ததுதான். அதனால் குவைத்திலிருந்து திரும்பிய பேச்சியம்மாவிடம் ஒரு டிஜிட்டல் கமராவை வாங்கி, வீட்டிலேயே பிலிமைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் ட்ரேசிங் தாளை ஒட்டி, அதன்மேல் பிலிமை வைத்து, எதிரே தேயிலைப் பெட்டியின்மேல் கமராவை வைப்பேன். வெயில் ஆகாது, ஒரு பக்கம் வெளுத்துவிடும். பத்து மணிக்கு மூடுபனி வந்து ஜன்னலை அடைத்த பிறகுதான் வெளிச்சம் ஒரே சீராக நிற்கும். ஊரில் எல்லாரும் வெயிலைப் பார்த்திருக்க, நான் ஒருவன் பனியைப் பார்த்திருக்கிறேன். பிறகு கம்பியூட்டரில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினால் முகம் வந்துவிடும்.

போன மாதம் ஜீவராணி வந்தாள். பள்ளிக்கூடத்தைக் கூட்டி மணியடித்த வீரய்யாவின் மகள். வீரய்யா புரட்டாசியில் இறந்துவிட்டார். "அப்பா ஒங்ககிட்ட படம் எடுத்திருக்கேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. வீட்டுல மாட்ட வேற படம் கெடையாதுங்க" என்றாள். டின் முழுவதையும் தேடிப் பார்ப்பதுபோல் அவள் முன்னால் பாவனை செய்தேன். நான் வீரய்யாவை எடுக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்பதும் தெரியும்.

அதை உங்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் வாசிப்பீர்களா என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. உங்கள் படத்தை மட்டும் இத்துடன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
பொன்னையா

*

கோண்டாவில்
04.12.2005

பொன்னையா அவர்களுக்கு,

படம் கிடைத்தது. பழக்கம் மாறவில்லை என்று தெரிகிறது. இந்த முறையும் வெட்டித்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

அதோடு, என்னை இடம் வலம் மாற்றியும் விட்டீர்கள். எந்த ஊரில் பெண்கள் சேலைத் தலைப்பை வலது தோளில் போடுகிறார்கள்? பிலிமின் பின்பக்கத்தைக் கமராவுக்குக் காட்டியிருக்கிறீர்கள். விஞ்ஞானம் படிப்பித்தவளிடம் இதை அனுப்ப உங்களுக்குத் துணிச்சல்தான். இதுவரை எத்தனை வீட்டில் செத்தவர்களைத் திருப்பி மாட்டி வைத்திருக்கிறீர்களோ.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தப் படத்தை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா? அட்டையைத் தொலைத்துவிட்டு, மறு அட்டைக்காக உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். பிலிமை மிச்சம் பிடிக்க ஒரு படத்தில் இரண்டு பேரை இருத்தி, நடுவால் வெட்டிக் கொடுப்பது உங்கள் வழக்கம். எனக்குப் பக்கத்தில் நீங்களே வந்து இருந்தீர்கள். "எனக்கும் ஐடென்டிட்டி காட் எடுக்கணுங்க டீச்சர்" என்றீர்கள். சரி என்றேன். மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. படத்தில் இன்னொருவரின் தோள் தெரிகிறது என்று துண்டு வைத்திருந்தார்கள். உங்கள் கோடுபோட்ட சேட்டின் தோள்.

டவுனில் மறுபடி படம் எடுத்து அனுப்பி, அட்டை வருவதற்குள் அப்பா போய்விட்டார். அதிபரின் கடிதத்தோடு புறப்பட்டேன். வவுனியாவுக்கு இங்கால் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அட்டை இல்லாத யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டு நாள் ஒரு மர வாங்கில் இருந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காடாத்தி, சாம்பலைக் கடலிலும் கரைத்துவிட்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு தோளை ஒழுங்காக வெட்டத் தெரியாத ஒருவரால். இதற்கு என்ன மன்னிப்பு, நீங்கள்தான் சொல்லுங்கள்.

வீரய்யா இறந்தது கவலை. நல்ல மனிதர். அவரை ஏன் எடுக்கவில்லை?

செல்வமலர்

*

நானுஓயா
02.01.2006

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

அன்றைக்குப் பிலிமில் கடைசியாக ஒரு படம்தான் மிச்சம். ஆட்களில் மிச்சம் இரண்டு பேர், நீங்களும் வீரய்யாவும். அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, மகனின் சேட்டைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து தன் முறைக்காக நின்றார். நான் அவரிடம், "மாமா, பிலிம் முடிஞ்சி போச்சி. ஒங்கள அடுத்த மொற எடுக்கிறேன்" என்றேன். "அதுக்கென்னங்க தம்பி" என்று ஒதுங்கினார். கமரா தானாக எடுக்கும்படி பத்து விநாடிக்குத் திருகி வைத்துவிட்டு ஓடிவந்து அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்தேன். என்னிடம் அப்போதே அடையாள அட்டை இருந்தது. சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை. உங்கள் கடிதம் கிடைத்த பிறகு நான் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. வீரய்யா அட்டை இல்லாமலே இருந்தார். சோதனைக்குப் பயந்து பொகவந்தலாவைக் கடைத்தெருவைத் தாண்டி எங்கும் போகாமலே போய்ச் சேர்ந்தார் என்று ஜீவராணி சொன்னாள். ஆனால் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. படம் எடுத்ததாகவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பார்.

இனி அந்தத் தோள். எனக்கு வெட்டத் தெரியாமல் இல்லை டீச்சர். நூற்றுக்கணக்கில் வெட்டியவன். நெருங்கி உட்கார்ந்துவிட்டேன் என்பது உண்மைதான். ஆனாலும் வெள்ளை மை தொட்டு அந்த ஓரத்தை மறைத்திருக்கலாம். தூரிகையைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். உங்கள் அட்டையில் ஓர் ஓரமாக நான் இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன். வேறு எந்த விதத்திலும் உங்கள் பக்கத்தில் இருக்க எனக்கு வழியில்லை என்று தெரிந்திருந்தது. நீங்கள் யாழ்ப்பாணத்து டீச்சர். நான் லயத்துப் பிள்ளை.

அந்த ஆசை உங்கள் அப்பாவின் முகத்தை உங்களிடமிருந்து பறித்துவிட்டது. கைப்பிழை என்று நீங்கள் நினைத்ததைப் பதினொரு வருடம் அப்படியே நினைக்க விட்டேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். முடியாவிட்டால் அதையும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

பொன்னையா

பி.கு.: நீங்கள் சொன்னது சரி. நான்கு வீட்டில் திருப்பித்தான் மாட்டியிருந்தார்கள். மூன்று வீட்டில் கண்டுபிடிக்கவே இல்லை. நாலாவது வீட்டில் அம்மாக்கண்ணு மட்டும், "எங்க ஆத்தாவுக்கு மூக்குத்தி இந்தப் பக்கம் இல்லையே" என்று சண்டைக்கு வந்தாள். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

*

கோண்டாவில்
11.02.2006

வாசித்தேன். இப்போது எழுதினால் பிறகு நானே வருத்தப்படும்படி எழுதுவேன்.

செ.

*

நானுஓயா
20.05.2006

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

மூன்று மாதமாகத் தபால்காரர் என் கதவைத் தாண்டிப் போகும்போது குனிந்துகொண்டே போகிறார். என் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருக்கிறதுபோல.

அங்கே குண்டு, கொலை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போய் வருகிறீர்களா? அதை மட்டும் எழுதினால் போதும். மற்றதைக் கேட்கமாட்டேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. ஜன்னலில் பனி நாள் முழுக்க நிற்கிறது, வேலைக்கு நல்லது. இதுவரை அறுபது சுருளை முடித்துவிட்டேன். முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அத்தனையும் என்னைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்திருக்கிற முகங்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். கம்பியூட்டரை அணைத்தால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. அதனால் சும்மாவாவது திறந்து வைத்திருக்கிறேன்.

ஜீவராணி இரண்டு தடவை வந்துவிட்டாள். இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. "தேடுறேம்மா" என்றே சொல்லி அனுப்புகிறேன்.

பொன்னையா

*

கோண்டாவில்
18.06.2006

பொன்னையா அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பள்ளிக்கூடம் பாதி நாள் நடக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டினால் பிறகு சுவரோடு பேச வேண்டியதுதான். அதனால் உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அறிந்தபோது உங்களை அறைய வேண்டும் போல இருந்தது. அடுத்த நாள் அழுதேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

வீரய்யாவைப் பற்றி ஒன்று. நீங்கள் அன்றைக்கு என்னத்தைக் கண்டீர்களோ தெரியாது, நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்னால் கட்டியிருந்த வெள்ளை வேட்டி காற்றுக்கு அவிழ்ந்து என் தலையில் விழுந்தது. "ஆராவது உதைப் பிடியுங்கோவன்" என்று நான்தான் சத்தம் போட்டேன். வீரய்யா ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். என் இடது கைப் பக்கம், ஓர் எட்டுத் தள்ளி. நீங்கள் ஓடிவந்து மற்றப் பக்கத்தில் இருந்து, படம் விழும்வரை அவர் பிடித்துக்கொண்டே நின்றார்.

அப்படியானால் அவர் படத்தில் இருக்க வேண்டும். உங்கள் பிலிமில் ஏன் இல்லை? நீங்கள் எதை வைத்து வெட்டுகிறீர்கள், எதை மறைக்கிறீர்கள் என்று பாருங்கள்.

செல்வமலர்

*

நானுஓயா
05.07.2006

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இருக்கிறார். வீரய்யா இருக்கிறார்.

அடையாள அட்டைப் படத்துக்கென்று நான் ஓர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். பிலிமின்மேல் அதை வைத்தால் இரண்டு தலை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறையும். கழுவிய காலத்தில் அதை வைத்துத்தான் கழுவினேன். இப்போது ஜன்னலில் ஒட்டும்போதும் பழக்கதோஷத்தில் அதே அட்டையைத்தான் வைத்தேன். பிலிமின் ஓரத்தில் ஏதோ வெளுத்துத் தெரிந்ததைப் பூசணம் என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓரத்துப் பல் ஓட்டைகள்வரை முழுப் பிலிமும் தெரியும்படி எடுத்தேன். பூசணத்தைப் பஞ்சால் ஒற்றித் துடைத்தேன். கமராவுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டி இன்னும் கிட்டத்தில் எடுத்தேன். தொட்டால் கமரா அசையும் என்று அதிலும் அதே பத்து விநாடிக்கு வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

வேட்டி முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எண்ணெய் வைத்த தலை, மகனின் சேட்டு, நேராகக் கமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பு. என்னிடம் படம் எடுத்ததாக அவர் சொன்னது என்னைக் காப்பாற்ற இல்லை. கமரா தன் பக்கம் பார்த்ததை அந்த மனிதர் கண்டிருக்கிறார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்று நினைத்தது நான்தான்.

பெரிதாக்கி, சட்டம் போட்டு, லயத்துக்கே கொண்டுபோனேன். ஜீவராணி சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "எங்கப்பா இப்பிடிச் சிரிச்சி நான் பார்த்ததில்லையே" என்றாள். நடந்ததை அவளிடமும் சொன்னேன். படத்தைச் சுவரில் மாட்டினாள். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

முழுப் படத்தையும் உங்களுக்கு அனுப்பட்டுமா? மூன்று பேரும் இருக்கிறோம். வீரய்யா கமராவைப் பார்க்கிறார். நானும் கமராவைத்தான் பார்க்கிறேன், மூச்சு வாங்கிக்கொண்டு. நீங்கள் மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள். இவ்வளவு நெருங்கி உட்கார்ந்துவிட்டானே என்ற கோபமாக இருக்கும்.

பொன்னையா

*

கோண்டாவில்
24.07.2006

பொன்னையா அவர்களுக்கு,

படத்தை அனுப்ப வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் பதின்மூன்றாம் திகதி பஸ்ஸுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். கண்டியில் ஒரு நாள் தங்கி, பதினைந்தாம் திகதி மத்தியானக் கோச்சியில் நானுஓயாவுக்கு வருவேன். ஜீவராணியையும் பார்க்க வேண்டும். உங்கள் ஜன்னலில் பனி எப்படி வந்து அடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உங்களிடம் ஒரு விசயம் சொல்ல இருக்கிறது. கடிதத்தில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

செல்வமலர்

*

நானுஓயா
20.08.2006

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பதினோராம் திகதி பாதையை மூடிவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். வரமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் பதினைந்தாம் திகதி மத்தியானம் ஸ்டேசனுக்குப் போனேன். கோச்சி ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. எல்லாரும் இறங்கிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்டேசன் மாஸ்டர் "காவத மாத்தயா பலன்னே?" என்று கேட்டார். யாரை எதிர்பார்த்து நிற்கிறேன் என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. "யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டைக் கூட்டி, நாற்காலிக்குப் புது உறை போட்டிருந்தேன். அது அப்படியே இருக்கிறது.

தபால் எப்போது போகுமோ தெரியாது என்று தபால் கந்தோரில் சொல்கிறார்கள். ஆனாலும் முழுப் படத்தையும் இத்துடன் வைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள்தான். இன்னொரு முறை உங்கள் சொல்லை மீறுகிறேன். என்ன நடக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் இதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்த முறை வெட்டவில்லை. இடம் வலமும் சரியாகவே இருக்கிறது.

பொன்னையா

*

கோண்டாவில்
02.11.2006

அன்புள்ள பொன்னையா,

உங்கள் கடிதம் கப்பலில் வந்து நேற்றுத்தான் கிடைத்தது. உறை நனைந்து காய்ந்திருந்தது. படம் பழுதாகவில்லை. இங்கே அரிசிக்கும் மாவுக்கும் வரிசை. வரிசையில் நிற்கும்போது படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற மனுசி, "ஆர் பிள்ளை இது, உம்மட அவரோ?" என்று கேட்டா. நான் இல்லையென்று சொல்லவில்லை.

நேரில் சொல்ல இருந்ததை இப்போது எழுதத்தான் வேண்டும். இனிப் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெட்கத்தைப் பார்த்தால் சொல்லாமலே போய்விடுவேன்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது ஒரு துண்டு வைத்திருந்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? அந்தத் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இடம்பெயர்ந்தபோதும் அப்பாவின் படத்தோடு அதையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். சிங்களத்தில் எழுதியிருந்ததை அதிபர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். அதில் இரண்டு காரணம் இருந்தது. முதலாவதை மட்டும்தான் உங்களுக்குச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போது அதிபர் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகி, துண்டை அவரிடமிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா போன பிறகு எல்லாவற்றையும் உங்கள் தோளில் போட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் வெள்ளை மை தொட்டு அந்தத் தோளை மறைத்திருந்தாலும் விண்ணப்பம் திரும்பித்தான் வந்திருக்கும், பொன்னையா. இரண்டு நாள் வாங்கில் இருந்தபோதும் எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடம் தெரிந்துகொண்டே உங்களைக் குற்றவாளியாக வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

துண்டை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் சிங்களம் வாசிப்பீர்கள். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று: படத்தில் பிறிதொருவரின் தோள் தெரிகிறது.

இரண்டு: விண்ணப்பதாரி கமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்.

அது கோபம் இல்லை.

செல்வமலர்